சாகாதவனும் ஒரு சாண் துளையும்

பதினோராவது அத்தியாயத்தில் என் நாவல் நின்றுவிட்டது. கிளெய்தொஸ் செங்குத்துப் பாறையிலிருந்து ஆற்றுக்குள் விழுகிறான். துரத்தி வந்தவர்கள் மேலே நின்று அம்பு எய்கிறார்கள். மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய காட்சி. அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். படித்து முடித்ததும், "இவனுக்குத்தான் சாவே இல்லையே, நான் எதற்காகப் பதற வேண்டும்?" என்று கேட்டாள். கேட்கும்போதும் அவள் கை நிற்கவில்லை. இலை உருவும் வேகம்கூடக் குறையவில்லை. அந்தக் கையைப் பார்த்ததுமே காட்சி தோற்றுவிட்டது என்று தெரிந்துபோனது.

அதற்குப் பிறகு ஏழு வாரம் நாவலைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டினேன். கிரேக்கப் புராணத்தை வைத்துத் தமிழில் சாகசக் கதை எழுத நினைக்கும் யாருக்காவது பயன்படும் என்பதால், எது உடைந்தது, எதைக் கொண்டு சரிசெய்தேன் என்பதை உள்ளபடி எழுதிவைக்கிறேன்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். நடக்கும் இடம் கிரேக்கத்தில் பொயோட்டியா பகுதியின் லெபதேயா. இன்று லிவதியா என்று வழங்கும் ஊர். ஏதென்ஸிலிருந்து சாலை வழியாகச் சுமார் 130 கிலோமீட்டர். ஊரை ஒட்டிய பாறைப் பிளவிலிருந்து ஹெர்கினா என்ற சிற்றாறு புறப்படுகிறது. பழங்காலத்தில் அங்கே த்ரொஃபோனியொஸ் என்ற வீரனிடம் குறி கேட்பார்கள். டெல்ஃபி என்ற இன்னொரு குறித்தலத்தில் பூசாரிப் பெண் வாய் திறந்து சொல்வாள். இங்கே கேட்கிறவனே பூமிக்குள் இறங்கிப் பார்த்து, கேட்டு, திரும்பி வர வேண்டும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பௌசனியாஸ் என்ற பயணி அப்படி இறங்கி வந்தவர். பிறர் சொன்னதை எழுதவில்லை, நானே போய்வந்தேன் என்று சொல்லிவிட்டு, சடங்கை ஒன்றுவிடாமல் எழுதிவைத்திருக்கிறார். இறங்கும் இரவில் பதின்மூன்று வயது மதிக்கத்தக்க இரண்டு சிறுவர்கள் வந்தவனை ஆற்றுக்கு அழைத்துச் சென்று, எண்ணெய் பூசிக் குளிப்பாட்டுவார்கள். ஹெர்மாய் என்று அவர்களுக்குப் பெயர். பிறகு மறதியின் நீரைக் குடிக்க வேண்டும். அதுவரை மனத்தில் இருந்தவை அகல. அடுத்து நினைவின் நீர். கீழே காணப்போவது மனத்தில் தங்க.

அந்த இரண்டு சிறுவர்களில் ஒருவன் என் கதாநாயகன் தாமோன். அவன் ஒரு நாள் குளிப்பாட்டும் ஆள்தான் கிளெய்தொஸ். இந்தப் பெயரை நான் உருவாக்கவில்லை. ஹோமரின் ஒடிஸி காவியத்தில், பதினைந்தாம் காண்டத்தில் இரண்டு மூன்று வரி வருகிறது: குறி சொல்லும் குடும்பத்தில் பிறந்த கிளெய்தொஸை, அவன் அழகுக்காக, பொன் அரியணையில் அமரும் விடியல் தேவி தூக்கிச் சென்றாள், சாகாதவர்களோடு அவன் வாழ வேண்டும் என்பதற்காக. அவ்வளவுதான். பிறகு அவன் என்ன ஆனான் என்று ஹோமர் சொல்லவில்லை. என் கதையில் அவன் பல நூறு ஆண்டுகள் கழித்து அந்தத் தேவியின் வீட்டை விட்டு வெளியேறி, நடந்தே லெபதேயா வருகிறான். பெற்ற தாயின் முகம் அவனுக்கு மறந்துவிட்டது. நினைவின் சுனையில் குடிக்க வேண்டும் என்பதுதான் அவன் தேவை.

இவ்வளவு நல்ல விதையை வைத்துக்கொண்டு பாறையிலிருந்து தள்ளிவிட்டு, அம்பு எய்ய வைத்திருந்தேன்.

முதலில் செய்த இரண்டு ஒட்டுவேலைகளும் நிற்கவில்லை. சாகாதவனையும் கொல்லும் ஈட்டி ஒன்றைக் கதைக்குள் கொண்டுவந்தேன். இரண்டு அத்தியாயம் எழுதிய பிறகு, அவன் சாதாரண மனிதனாகிவிட்டான் என்று புரிந்தது. தோல் மட்டும் கொஞ்சம் தடித்த மனிதன். அடுத்து, அவனுக்கு மூப்பு மட்டும் கிடையாது, வெட்டினால் சாவான் என்று விதியை மாற்றினேன். அதுவும் அதே இடத்தில்தான் கொண்டுபோய் விட்டது. ஈட்டியையும் சேர்த்து நான்கு அத்தியாயங்களை எடுத்துத் தனிக் கோப்பில் போட்டுவிட்டேன்.

கோளாறு அதற்கு முன்பே, இரண்டாம் அத்தியாயத்தில் இருந்தது. விடியல் தேவி கிளெய்தொஸுக்கு ஒரு கனி கொடுக்கிறாள், அவன் தின்கிறான், சாவு நீங்குகிறது. இப்படி எழுதியபோது எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. ஏன் இல்லை என்று பின்னால் யோசித்தேன். அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனிதான் அது. "சாதல் நீங்க எமக்கு ஈத்தனையே" என்று புறநானூற்றில் படித்து வளர்ந்த மனத்துக்கு, சாகாமை என்றால் ஒரு முறை உண்பது, அதோடு முடிந்தது. அமிர்தமும் அப்படித்தான். தேவர்களின் உணவைக் குறிக்கும் அம்புரோசியா என்ற கிரேக்கச் சொல்லும் அமிர்தம் என்ற வடசொல்லும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இரண்டுக்கும் பொருள் 'சாவற்றது' என்பதே. சொல் ஒன்று என்பதால் பொருளும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று எண்ணிவிட்டேன்.

அம்புரோசியா அன்றாடச் சாப்பாடு. இதை உணர்த்தியது ஹோமரின் இன்னொரு காவியமான இலியட்டின் ஐந்தாம் காண்டம். காதல் தேவி அஃப்ரோடைட்டின் மணிக்கட்டில் டியோமெதேஸ் என்ற மனித வீரன் ஈட்டியால் குத்துகிறான். வழிவது இரத்தம் இல்லை, இகோர் என்ற திரவம். அதற்குக் காரணத்தையும் அங்கேயே ஹோமர் சொல்கிறார்: அவர்கள் ரொட்டி உண்பதில்லை, திராட்சை மது அருந்துவதில்லை, ஆகவே இரத்தமற்றவர்கள், ஆகவே சாகாதவர்கள் எனப்படுகிறார்கள். ஒடிஸியில் கலிப்ஸோ என்ற தேவதையின் குகையில் ஒரே மேசையில் இருவர் உட்கார்கிறார்கள். மனிதர் உண்பதை அவள் ஒடிஸியஸின் முன் வைக்கிறாள். அவளுக்குப் பணிப்பெண்கள் அம்புரோசியாவும் தேவர்களின் பானமான நெக்தாரும் வைக்கிறார்கள். ஒரு மேசை, இரண்டு உணவு. எந்தப் பக்கத்துத் தட்டில் கை வைக்கிறாய் என்பதில் எல்லாம் இருக்கிறது.

தட்டை எடுத்துவிட்டால்? ஹெஸியட் என்ற பழைய கிரேக்கக் கவிஞர் இதற்குப் பதில் எழுதியிருக்கிறார். ஸ்டிக்ஸ் என்ற பாதாள ஆற்று நீரின்மேல் பொய்யாணை செய்த தேவன் ஓராண்டு மூச்சில்லாமல், பேச்சில்லாமல் படுக்கையில் கிடப்பான். அம்புரோசியாவும் நெக்தாரும் அவன் அருகில் வராது. அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டு மற்றவர்களின் அவையிலும் விருந்திலும் இடமில்லை. இலியட்டில் ஏரெஸின் கதை வருகிறது: போர்த்தேவனையே இரண்டு சகோதரர்கள் பிடித்துக் கட்டி, வெண்கலத் தாழி ஒன்றுக்குள் பதின்மூன்று மாதம் அடைத்துவைத்திருந்தார்கள். அந்தச் சகோதரர்களின் சிற்றன்னை ஹெர்மெஸிடம் சொல்லாதிருந்தால் அங்கேயே அழிந்திருப்பான் என்கிறது காவியம். தாழி என்ற சொல்லை எழுதியபோது கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறந்தவர்களை வைத்துப் புதைத்த நம் ஊர்த் தாழி நினைவுக்கு வந்தது. சாகாதவனையும் அதற்குள் வைக்க முடிந்திருக்கிறது.

கடைசியாக தித்தோனொஸ். அதே விடியல் தேவி கிளெய்தொஸைப் போலவே தூக்கிச் சென்ற இன்னொருவன். அவனுக்குச் சாகாமை வேண்டும் என்று ஜீயஸிடம் கேட்டவள், இளமை வேண்டும் என்று கேட்க மறந்துவிட்டாள். அவன் கிழடாகிக் கை கால் அசைக்க முடியாமல் போனதும் அறைக்குள் கிடத்தி, பளபளக்கும் கதவுகளைச் சாத்திவிட்டாள். உள்ளே அவன் குரல் மட்டும் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

மூன்று கதைகளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி மேசைக்கு மேலே ஒட்டினேன். தாழிக்குள் ஒருவன், மூச்சற்ற படுக்கையில் ஒருவன், சாத்திய கதவுக்குப் பின்னால் ஒருவன். சாகாதவனுக்கு வரக்கூடிய ஆபத்து மாட்டிக்கொள்வதுதான். நமக்கு மாட்டிக்கொள்வதற்கு ஒரு முடிவு உண்டு, அவனுக்கு இல்லை. அக்காவிடம் இதை மட்டும் சொன்னேன். "ஐயோ" என்றாள்.

இந்தக் கதைகளை ஒட்டி விதிகளைப் புதிதாக எழுதினேன். தித்தோனொஸுக்கும் அம்புரோசியா ஊட்டப்பட்டது என்று பழைய துதிப்பாடல் சொல்கிறது, இருந்தும் மூத்தான். ஆகவே சாகாமையும் இளமையும் தனித்தனி வரங்கள். ஒரு முறை தவறு செய்த தேவி, கிளெய்தொஸுக்காக இரண்டையும் கேட்டு வாங்கினாள் (இது என் கற்பனை). வீட்டை விட்டு வந்தபோது அவன் கொண்டுவந்தது ஒரு சிறு கல்ஜாடி நிறைய அம்புரோசியா. லெபதேயா வரும்போது ஒன்பது நாளுக்கு மட்டும் மிச்சம். தீர்ந்தால் முதலில் முழங்கால் தளரும், அடுத்து குரல், கடைசியில் மூச்சு. மூச்சும் குரலும் ஹெஸியட்டிலிருந்து வந்தவை. முழங்கால், ஸாஃபோ என்ற பழைய கிரேக்கப் பெண் கவிஞரின் கவிதையிலிருந்து. மூப்பைப் பற்றி அவர் பாடிய பன்னிரண்டு வரிக் கவிதை கொலோன் நகரப் பாப்பிரஸ் துண்டுகளிலிருந்து 2004இல்தான் ஓரளவு முழுமையாகக் கிடைத்தது. ஒரு காலத்தில் மான்குட்டிபோல் ஆடிய முழங்கால்கள் இப்போது தாங்கவில்லை என்கிறார். உடனே தித்தோனொஸை நினைக்கிறார்.

செங்கல்

மாட்டிக்கொள்ளும் இடம் தயாராகவே இருந்தது. பௌசனியாஸ் தரும் அளவுகள் இவை. மேலே வெண்பளிங்கில் வட்டமான ஒரு மேடை. மிகச் சிறிய நெற்களம் அளவுக்குச் சுற்றளவு, இரண்டு முழத்துக்குச் சற்றுக் குறைவான உயரம். உள்ளே கட்டி எழுப்பிய குழி, ரொட்டி சுடும் அடுப்பின் வடிவம். நடுவில் அகலம் சுமார் நான்கு முழம், ஆழம் எட்டு முழத்துக்கு மேல் இராது. இறங்க ஒடுங்கிய, இலேசான ஏணி. அடியில், தரைக்கும் கட்டுமானத்துக்கும் நடுவே ஒரு துளை. அகலம் இரண்டு சாண், உயரம் ஒரு சாண். மல்லாந்து படுத்து, கையில் தேன் பிசைந்த வாற்கோதுமை அடைகளை வைத்துக்கொண்டு, காலை முதலில் விட்டு, முழங்கால் உள்ளே போகும்வரை முயல வேண்டும். முழங்கால் போனதும் உடல் மொத்தமும் சட்டென்று இழுபடும், பெருவெள்ளத்தின் சுழல் ஆளை விழுங்குவதுபோல.

(களம் என்று நான் எழுதியதற்கு நெல் என்ற சொல்லைச் சேர்த்தது பழக்கதோஷம். அங்கே போரடித்தது கோதுமையும் வாற்கோதுமையும். நாவலில் திருத்திவிட்டேன்.)

முழம், சாண் என்று எழுதும்போது நான் எதையும் மொழிபெயர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி, விரித்த கையின் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல். அவர்கள் அளந்ததும் இதே கையால்தான். இரண்டு சாண் ஒரு முழம் என்ற கணக்கும் அங்கே அப்படியே இருக்கிறது. ஆங்கில வழியாக அங்குலத்துக்குப் போய்த் திரும்பி வரும் வேலை தமிழ் எழுத்தாளனுக்கு இல்லை.

ஒரு சாண் உயரத் துளைக்குள் வளர்ந்த ஆள் போக முடியுமா? முதலில் அட்டைப் பெட்டியில் துளை வெட்டிப் பார்த்தேன், போக முடிந்தது. ஆனால் அட்டையின் விளிம்பு உடம்புக்கு வழிவிட்டு வளைந்திருந்தது. இப்படிச் சோதிப்பது வீண். கல் வளையாது.

அக்கா வீட்டுப் பின்கட்டில் பழைய நாட்டுச் செங்கல் கிடந்தது. ஒன்பது அங்குல நீளம், மூன்று அங்குலக் கனம். மூன்றை மட்டமாக அடுக்கினால் ஒன்பது அங்குலம், நம் கணக்கில் ஒரு சாண்; கிரேக்கச் சாண் இதைவிடச் சற்றே குறைவு. பதினெட்டு அங்குல இடைவெளியில் இரண்டு பக்கமும் அடுக்கி, மேலே பழைய கதவுப் பலகையைப் போட்டு, பலகை எழும்பாமல் இருக்க இரண்டு அரிசி மூட்டைகளை ஏற்றினேன். பக்கத்தில் அக்கா மகன். இதை யாராவது செய்து பார்த்தால் தனியாகச் செய்ய வேண்டாம். மூட்டையை இறக்க ஓர் ஆள் கட்டாயம் இருக்க வேண்டும்.

மல்லாந்து படுத்தேன். முதல் தடை பாதம். விரல்கள் மேலே பார்த்திருந்தால் பாதமே ஒரு சாணைவிட நீளம். இரண்டு பாதங்களையும் வெளிப்பக்கம் சாய்த்தால்தான் நுழைகிறது. அடுத்து முழங்கால். தட்டையாக நீட்டினால் தாராளமாகப் போகிறது. பிறகு எதற்காகப் பௌசனியாஸ் முழங்காலைத் தனியாகச் சொன்னார்? இரண்டாம் முறை உள்ளே போகும்போது புரிந்தது. முழங்கால் வெளியே இருக்கும்வரை குதிகாலை உள்ளே ஊன்றி, காலை மடக்கி, உடலை முன்னால் இழுத்துக்கொள்ளலாம். முழங்கால் பலகைக்கு அடியில் போய்விட்டால் மடக்க இடமில்லை. அந்த நொடியிலிருந்து காலால் ஒன்றும் ஆகாது. முன்னே போகவும் வராது, பின்னே வரவும் வராது. மிச்சம் இருப்பது முழங்கை மட்டும். அங்கேதான் உடல் தானாக இழுபடுகிறது என்கிறார் அவர். யார் இழுத்தது, எது இழுத்தது என்று சொல்லவில்லை. என் சாகசக் கதைக்கு வாசல் அந்த இடம்தான் என்று செங்கல் நடுவில் படுத்துக்கொண்டே முடிவு செய்தேன்.

இடுப்பு போனது. சட்டை தரையில் உரசி மேலேறி மார்புக்குக் கீழே சுருண்டு, ஒரு கைப்பிடித் தடிமன் கூடிவிட்டது. அங்கே நின்றேன். இறங்குகிறவன் ஆளிச்செடி நாரில் நெய்த லினன் அங்கி உடுத்தி, அதை நாடாக்களால் இறுக்கிக் கட்டியிருப்பான் என்று பௌசனியாஸ் எழுதியதை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டியிருந்தேன். வெளியே வந்து துண்டை எடுத்து மார்புக்குக் கீழும் இடுப்பிலுமாக இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி போனேன். துணி சுருளவில்லை. சடங்கில் அந்த நாடாவுக்கு வேறு பொருளும் இருந்திருக்கலாம். என் உடம்புக்குத் தெரிந்த பொருள் இது.

அடுத்து மார்பு. மூச்சை இழுத்தால் விலா எலும்புகள் பலகையில் முட்டின, அசைய முடியவில்லை. பயத்தில் இன்னும் வேகமாக மூச்சு வாங்கினேன், இன்னும் இறுகியது. "மாமா, மூட்டையை இறக்கவா?" என்று பையன் கேட்டான். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தபோது மூச்சு வெளியே போனது. மார்பு தாழ்ந்தது. அந்த இடைவெளியில் முழங்கையால் தள்ளினேன். நான்கு விரல் அளவு உள்ளே போய்விட்டேன். பிறகு அதே முறை. மூச்சை விடு, நகரு, நில். தோள் வரும்போது இரண்டு கைகளையும் தலைக்கு மேலே நீட்ட வேண்டியிருந்தது.

வெளியே வந்து கிணற்றடியில் உட்கார்ந்தபோது ஹெஸியட்டின் மூச்சற்ற தேவன் ஞாபகத்துக்கு வந்தான். கதையின் மீதிப் பாதி அந்தக் கிணற்றடியில் கிடைத்ததுதான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தேன் அடை

இதற்கு ஒரு மாலை போதும் என்று நினைத்தேன். மூன்று மாலை ஆனது. வாற்கோதுமையை வறுத்து அரைத்த மாவில் தேனை மட்டும் விட்டுப் பிசைந்தால் உதிர்கிறது. அதில் கோதுமை மாவின் இழுவை இல்லை. கொஞ்சம் வெந்நீரும் ஆலிவ் எண்ணெயும் விட்டுப் பிசைந்து கால் மணி நேரம் மூடி வைத்த பிறகு கைக்கு அடங்கியது. சுடத் தேவையில்லை; வறுத்த மாவு என்பதால் அப்படியே தின்னலாம். அம்மா ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு, தேனும் தினைமாவும் மாதிரிதான் இருக்கிறது, கொஞ்சம் கசப்பு அதிகம் என்றார்.

கையில் அடையுடன் துளைக்குள் போய்ப் பார்த்தேன். உள்ளங்கை வியர்த்ததும் அடை பசையாகிவிடுகிறது. விரலைப் பிரிக்க முடியவில்லை. தரையில் ஊன்றினால் மண் ஒட்டிக்கொள்கிறது. காலும் போய், கையும் போன நிலையில் ஓர் ஆள் இருட்டுக்குள் இழுபடுகிறான். கி.மு. 423இல் மேடையேறிய அரிஸ்டோஃபனீஸின் நகைச்சுவை நாடகத்தில் ஒரு கிழவர், த்ரொஃபோனியொஸின் குழிக்குள் இறங்குவதுபோலப் பயமாக இருக்கிறது, முதலில் கையில் ஒரு தேன் அடை கொடுங்கள் என்று கெஞ்சுகிறார். அவர் பயத்தின் நிறை எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

பொன் ஏடு

கிளெய்தொஸுக்கு வழி சொல்ல ஒரு பொருள் வேண்டும். உண்மையாகவே அப்படி ஒன்று இருக்கிறது. தென் இத்தாலியின் பழைய கிரேக்கக் குடியிருப்புகளில் இறந்தவர்களோடு மெல்லிய பொன் தகடுகளை வைத்துப் புதைத்திருக்கிறார்கள். பாதாளத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பொடி எழுத்தில் கீறிய செய்யுள்கள். ஹிப்போனியொன் என்ற பழைய ஊரில், இன்றைய விபோ வலென்ஸியாவில், 1969இல் ஒரு பெண்ணின் கல்லறையில் கிடைத்த ஏடு கி.மு. 400ஐ ஒட்டியது. பெதேலியாவில் கிடைத்தது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. செய்தி இப்படிப் போகிறது: பாதாளத்தின் அரசன் ஹேடிஸின் மாளிகையில் ஒரு சுனை இருக்கும், அருகில் வெண்ணிற சைப்ரஸ் மரம் நிற்கும், அதன் பக்கம் போகாதே. அடுத்து நினைவின் ஏரியிலிருந்து குளிர்ந்த நீர் வரும், காவலர்கள் நிற்பார்கள். அவர்களிடம் சொல்: நான் மண்ணின் பிள்ளை, விண்மீன் நிறைந்த வானத்தின் பிள்ளை, தாகத்தால் வறண்டு மடிகிறேன், நீர் தாருங்கள்.

இரண்டு ஏடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். போகக் கூடாத அந்தச் சுனை பெதேலியா ஏட்டில் இடப்பக்கம் இருக்கிறது. ஹிப்போனியொன் ஏட்டில் வலப்பக்கம்.

நாவலாசிரியன் காலமெல்லாம் உட்கார்ந்து யோசித்தாலும் இப்படி ஒரு முடிச்சு வராது. தாமோனின் கையில் இரண்டு ஏடுகள் கிடைக்கின்றன, இரண்டும் உண்மையானவை, ஒன்று இடம் என்கிறது, ஒன்று வலம் என்கிறது.

கைவினைக் கடையில் மெல்லிய பித்தளைத் தகடு வாங்கி, மை தீர்ந்த பேனா முனையால் எழுதிப் பார்த்தேன். அடியில் செய்தித்தாளை மடித்து வைத்தால் எழுத்து ஆழமாகப் பதிகிறது. தபால்தலையைவிடச் சற்றுப் பெரிய தகட்டில் பதினாறு வரி எழுத என்னால் முடியவில்லை, ஏழோடு நின்றது. எழுதிய கைகளின்மேல் பெரிய மரியாதை வந்தது. மடித்துப் பிரித்தால் மடிப்பில் எழுத்து கீறிப்போகிறது. நான்காம் முறை தகடே விரிசல் விட்டுவிட்டது. இன்னொன்றும் தெரிந்தது: கீறிய எழுத்து பின்பக்கத்தில் புடைத்து நிற்கிறது. இருட்டில் விரலால் தடவினால் பின்பக்கம்தான் தெளிவாகத் தெரியும். அங்கே எல்லாம் கண்ணாடியில்போல் இடம் வலம் மாறி இருக்கும். உண்மை ஏடுகளில் படம் கிடையாது. என் கதையில் ஓர் ஏட்டின் மூலையில் சிறு சைப்ரஸ் மரம் ஒன்றைக் கீறிச் சேர்த்துக்கொண்டேன். அந்த உரிமையை மட்டும் எடுத்திருக்கிறேன்.

யார் கையால் ஒரு சாண்?

செங்கலைக் கலைப்பதற்கு முன் அக்கா மகனும் உள்ளே போக வேண்டும் என்றான். அவனுக்கும் பதின்மூன்று வயது. மீன்போல் போய்விட்டான். வெளியே வந்தவன் துளையின் உயரத்தைத் தன் கையால் அளந்தான். "மாமா, இது ஒரு சாண் இல்லை. ஒரு சாணும் மூன்று விரலும்" என்றான்.

திண்ணையில் இருந்த அம்மா, "எறும்பும் தன் கையால் எண் சாண்" என்றார்.

ஔவையின் அந்த வரியை எத்தனை முறை கேட்டிருப்பேன். அன்று அது நேராக என் நாவலின் பதினேழாவது அத்தியாயத்துக்குள் வந்து உட்கார்ந்தது. கிளெய்தொஸ் இறங்குவதற்கு முன்னால் தாமோன் இறங்கி, இருட்டில் துளையை அளந்து வந்து சொல்கிறான்: ஒரு சாணும் மூன்று விரலும். அவன் பொய் சொல்லவில்லை. கிளெய்தொஸ் தன் பெரிய கையால் அந்த அளவைத் தன் மார்போடு ஒத்துப் பார்க்கிறான். போதும் என்று எண்ணுகிறான். முழங்கால் உள்ளே போகிறது. இடுப்பு போகிறது. மார்பு நிற்கிறது. ஈட்டி இல்லை, பகைவன் இல்லை, யாருடைய தீய எண்ணமும் இல்லை. ஒரு சிறுவனின் கை சிறியது, அவ்வளவுதான்.

அந்த அத்தியாயத்தின் சில வரிகள் இப்போது இப்படி இருக்கின்றன:

"தாமோன் ஏணியின் கடைசிப் படியில் குந்தியிருந்தான். துளைக்கு வெளியே தெரிந்தது இரண்டு கைகளும் ஒரு முகமும். 'வலிக்கிறதா?' என்று கேட்டான். 'இல்லை' என்றான் கிளெய்தொஸ். 'ஜாடியில் எத்தனை நாளுக்கு இருக்கிறது?' தாமோன் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தான். 'ஒன்பது.' 'அப்படியானால் ஒன்பது நாள் மூச்சு விடுவேன்' என்றான் கிளெய்தொஸ்."

ஒன்பது நாள் முடிந்து அம்புரோசியா தீரும்போது முழங்கால் தளர்கிறது, குரல் போகிறது, கடைசியாக மூச்சு நிற்கிறது. மூச்சு நின்றதும் மார்பு தாழ்கிறது. துளை அவனை விழுங்குகிறது. எது தண்டனை என்று ஹெஸியட் சொன்னாரோ அதுவே இங்கே வழிவிடுகிறது.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதியிருந்த பெயர்களையெல்லாம் கிரேக்க எழுத்தைப் பார்த்து மாற்றினேன். அவர்களுக்கும் நம்மைப் போலவே குறில் எ, நெடில் ஏ, குறில் ஒ, நெடில் ஓ தனித்தனி எழுத்துகள். ஆங்கிலத்தில் கலந்துபோகும் வேறுபாடு தமிழில் அப்படியே நிற்கிறது: தித்தோனொஸில் நடுவில் நெடில், முடிவில் குறில். லேத்தே என்று மறதியின் பெயரை எழுதினால் இரண்டும் நெடில். பௌசனியாஸுக்கு நம் ஔகாரம் இருக்கிறது. ஜீயஸ், அஃப்ரோடைட், கலிப்ஸோ போன்றவை வாசகர்களுக்குப் பழகிவிட்டதால் தொடவில்லை. நினைவின் தேவியின் பெயர் மெய்யெழுத்தில் தொடங்குகிறது. அதை எப்படி எழுதினாலும் தமிழ் வாய் இடறுகிறது. அங்கே மட்டும் பெயரை விட்டுவிட்டு நினைவின் சுனை, மறதியின் சுனை என்றே எழுதினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பதினேழாவது அத்தியாயத்தை அக்காவிடம் படித்தேன். முடியும்வரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அந்த ஒன்பது நாளும் பையன் எங்கே இருந்தான்? வீட்டில் தேடமாட்டார்களா? அவனுக்குச் சோறு?" என்று கேட்டாள்.

நான் எழுதியிருந்ததில் எட்டு நாள் ஒரே பத்தியில் கடந்துபோயிருந்தது. தாமோனின் தாய் என்ற ஒருத்தியே அதுவரை கதைக்குள் வரவில்லை. தாயின் முகம் மறந்தவன் துளைக்குள் கிடக்கிறான். வெளியே காவல் இருப்பவனைத் தேடி ஒரு தாய் ஊர் முழுக்க அலைந்துகொண்டிருப்பாள். அவளை எழுத வேண்டும். அவள் அந்த மேடைக்கு வந்து, அதைச் சுற்றிய வெண்கலக் கம்பிகளுக்கு வெளியே நின்று, மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிடுவது கீழே இருக்கும் இருவருக்கும் கேட்க வேண்டும்.

டப்பாவில் இன்னும் கால் கிலோ வாற்கோதுமை மாவு இருக்கிறது. ஒன்பது நாளுக்கு ஒரு பையனுக்கு எத்தனை அடை வேண்டும் என்று நாளை காலையில் உருட்டி எண்ணிப் பார்க்கப் போகிறேன்.